அம்மாவின் எலும்பும் அண்ணியின் கையும்

எங்கள் அம்மா ஆரம்பாக்கத்தில், கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தார். அப்பா மறைந்தபின் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை செய்து, ஷிப்ட் முழுக்க நின்றபடியே உழைத்து, அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார்.

முழங்கால் வலி அங்கே வந்ததுதான். லீவு போட மனமில்லாமல், மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினார். வலி அடங்கியது; முகம் உப்பியது. பெரியபாளையம் கோயிலில் சித்தி சிரித்தார்: “இன்னாக்கா, பூரி மாதிரி உப்பிக்கினு கீற? மருமவ நல்லா போடறா போல!” நாங்களும் அதை ஆரோக்கியம் என்றே நம்பினோம். முதுகு கூனியதையும், உயரம் குறைந்து புடவை தரையில் புரண்டதையும் வயது என்று விட்டுவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு காலை, அண்ணி கைபிடித்து நடத்தி வரும்போது அம்மா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

“கூடவே இருந்தவ அவதானே? புடிச்சினு இருந்தா எப்டி உழுவாங்க?” என்றார் சித்தி. எனக்கும் அந்தக் கேள்வி எழுந்தது.

எக்ஸ்ரேயில் முதுகெலும்புகள் எப்போதோ நசுங்கியிருந்தன. எலும்பு உயிருள்ளது, பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும் என்றார் டாக்டர். அந்த மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் கட்டுவது குறைந்திருக்கும். சாப்பாட்டிலுள்ள கால்சியமும் சரியாகச் சேர்ந்திருக்காது. எலும்பு முறிந்ததால்கூட விழுந்திருக்கலாம் என்றார். ‘இருக்கலாம்’ என்பதைச் சித்தி ஏற்கவில்லை.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “எந்த மாத்திரம்மா? நான் அப்டி எதுவும் குடுக்கறதில்லியே” என்றார். அம்மா அவர் கடையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் கைக்குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கினாலும், இப்போது அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.

அண்ணி இல்லாத நேரத்தில் அம்மாவிடமும் கேட்டேன். “அவ இன்னா பண்ணுவா? திரும்புனேன், உள்ள எதுவோ முறிஞ்சிச்சி. அப்பறந்தான் உழுந்தேன்” என்றார்.

“மருமவளுக்குப் பயந்துகினு சொல்றா. அவதான் தள்ளி உட்டுருப்பா” என்றார்கள் உறவினர்கள். படுத்த படுக்கையிலேயே அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் பேச்சு அண்ணியின் காதில் விழுந்தது. அவர் பள்ளிப்பட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

அவசரத்துக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணன், ரத்தம் கொடுத்த அம்மாவின் கம்பெனித் தோழிகள், செவிலியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செலவை ஏற்ற சித்திக்கும்தான். ஆனால் இதை வாசிக்கும் எல்லாரும் ஒன்றை அறிய வேண்டும். கடைசி நாட்களில் அம்மாவைப் படுக்கையில் புரட்ட வேண்டியிருந்தது. நான் தொட்டாலே, “உடுடி, வலிக்குது. அவள கூப்டு” என்பார். அண்ணி வந்து தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்ததும், அம்மா கண்ணை மூடிக்கொண்டு உடம்பை அவரிடம் விட்டுவிடுவார். தன்னைத் தள்ளிவிட்டவள் கையில் யாரும் அப்படி உடம்பைக் கொடுக்க மாட்டார்கள்.

அண்ணி, நன்றி. அம்மாவுக்காக நாங்கள் அச்சிடும் இந்த நினைவு மலரின் முதல் பிரதியோடு அண்ணன் பள்ளிப்பட்டுக்கு வருகிறார். நீங்கள் வந்த பிறகே அம்மாவுக்குப் படையல் போடுவோம்.