அண்ணன் போட்ட ஆள் பட்டியல்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத, அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களே பொருத்தமானவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று பீங்கான் பட்டறைக்குப் போனவன். ஆனால் அண்ணி, "கடைசியில கூட இருந்தது நீங்கதான் தம்பி, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது பெண்ணாடம் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போனவர். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலையில் அண்ணன் படித்தார். அரசுத் தேர்வு எழுதி, வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து, பல ஊர் மாறி, பதவி உயர்ந்து, கடைசியில் விருத்தாசலத்துக்கே வந்து சேர்ந்தார்.

மழைக்காலத்தில் அவருக்கு ஆள் பட்டியல் போடும் வேலை. ஸ்ரீமுஷ்ணம், மங்களூர், பெண்ணாடம் என்று சுற்றியுள்ள ஒவ்வொரு ஊருக்கும் மின்சாரத்துக்கு யார், சாலைக்கு யார், ஏரிக்கு யார், சுகாதாரத்துக்கு யார் என்று எழுத வேண்டும். ஒரே ஊர் ஒரு துறைக்கு ஒரு எல்லையிலும் மற்றொரு துறைக்கு வேறு எல்லையிலும் இருக்கும். அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு வரியில் உத்தரவு வரும். அந்த ஒரு வரிக்காக ஐப்பசியிலிருந்து தை வரை அண்ணன் சாப்பாட்டை மறந்து இரண்டு ஃபோன்களோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மின்கம்பி மேல் மரம் விழுந்து கிடந்தது. "மரத்த எடுத்தாதான் சார் நாங்க கம்பத்துல ஏறுவோம்" என்றார் லைன்மேன். மற்றொரு ஃபோனில் சாலைத் துறைக்காரர், "கரண்ட நிறுத்தினாதான் சார் மரத்துல கைய வெப்போம்" என்றார்.

"ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"டீக்கடையில சார்" என்றார்கள் இருவரும்.

"ஒரே டீக்கடைதான? ஃபோன பையில போட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்துப் பேசுங்க. நான் வெச்சிடறேன்."

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, "உங்க பேர் இருக்குது, தெரியுமா?" என்று கேட்காமல் அண்ணன் அதில் கையெழுத்துப் போட மாட்டார். ஓய்வு பெற ஓராண்டு இருந்தபோது ஒருவரை மட்டும் அவர் கூப்பிடவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஏரி ஒன்றில் மதகைத் திறந்து மூடும் பணியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். மங்களூர் பக்கத்து ஆள் கூடுதல் பொறுப்பாக அதைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. முறையான கடிதம்தானே என்று அண்ணன் அந்தப் பெயரை எழுதிவிட்டார். அந்த ஆளோ உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் இருந்தார். கடிதம் அவர் கைக்குப் போகவே இல்லை. பட்டியலில் பெயர் இருந்ததால் வேறு யாரும் அந்த ஏரிப் பக்கம் போகவில்லை.

மழை பெய்து ஏரி நிரம்பியது. கலியமூர்த்தி என்ற விவசாயி தாமே மதகைத் திறக்க இறங்கி, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் அவரால் வயலில் இறங்க முடியவில்லை.

அண்ணனுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. "என் தவறு" என்று பதில் எழுதினார். நண்பர்கள், "காகிதம் வந்துது, எழுதினீங்க. உங்க மேல என்ன சார் இருக்குது?" என்று தடுத்துப் பார்த்தார்கள். அண்ணன் கேட்கவில்லை.

விசாரணை முடியாதவர்களை ஓய்வு பெற விடமாட்டார்கள். ஓய்வு நாளன்று அலுவலகத்தில் பூமாலை வாங்கி வைத்திருந்தார்கள். பிற்பகலில், அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. டிபன் பாக்ஸோடு வீடு திரும்பிய அண்ணனிடம் அண்ணி, "என்னங்க ஆச்சு?" என்றார். "இன்னும் முடியலியாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பிறகு விசாரணைக்காகக் கடலூருக்கு எத்தனையோ முறை போனோம். விசாரிக்கும் அதிகாரி மாறுவார். புதியவர் வரும்வரை இன்னொருவர் கூடுதல் பொறுப்பில் இருப்பார். வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். கலியமூர்த்தியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் துடித்தார். சாட்சியைக் கலைத்தார் என்று ஆகிவிடும், போகாதீர்கள் என்றார்கள். அதற்குள் அண்ணனுடைய சிறுநீரகம் கெட்டது.

விசாரணை முடிந்து உத்தரவு வந்தபோது எழுந்து உட்கார அவரால் முடியவில்லை. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று இருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன், "அப்ப யாருதான்டா செஞ்சது?" என்றார். பிறகு, "நீ போயி கலியமூர்த்திகிட்ட சொல்லிட்டு வா. அந்தப் பேர எழுதினது நாந்தான்னு சொல்லு" என்றார்.

புது ஆளிடம் பேசக் கூசுபவன் நான். ஆனாலும் பஸ் ஏறிப் போனேன். கலியமூர்த்தி வாசலில் கட்டிலில் இருந்தார்.

"யாருங்க? விசாரணைக்கு மறுபடியும் கையெழுத்தா?"

"இல்லீங்க. பட்டியல் போட்டவரோட தம்பி நான்."

"அவரு மேல தப்பில்லன்னு வந்துடுச்சாமே. அப்பறம் என்னா?"

"தப்பு தன்னோடதுதான்னு சொல்லச் சொன்னாருங்க."

அவர் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "எத்தினியோ பேரு வந்தாங்க. நாந்தான்னு ஒருத்தரும் சொல்லல. அவரு நேர்ல வரமாட்டாராமா?"

"நடக்க முடியலீங்க."

"நானுந்தான் நடக்க முடியல. இருங்க, சட்டைய மாட்டிக்கிட்டு வரேன்."

தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். அண்ணன் அவரைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சிடுங்க."

"மன்னிப்ப வெச்சி என் இடுப்ப நிமித்த முடியுங்களா?" என்றார் கலியமூர்த்தி. "அத வுடுங்க. இந்த மழைக்கு எங்க ஏரிக்கு ஆளு யாரு? கேட்டா ஆளுக்கொரு பேரு சொல்றாங்க."

அண்ணன் ஃபோனுக்குக் கையை நீட்டினார். நான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு பேரிடம் கேட்ட பிறகு, புதிதாக நியமிக்கப்பட்ட பணியாளர் கிடைத்தார்.

"தம்பி, ஏரியப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்ல சார். நாளைக்குப் போலாம்னு."

"இப்பவே போங்க. மதகுத் திருகுல கைய வெச்சிட்டு எனக்குப் பேசுங்க."

கலியமூர்த்தி கிளம்பவில்லை. அண்ணி போட்ட டீயைக் குடித்துவிட்டுக் காத்திருந்தார். பிற்பகலில் அழைப்பு வந்தது. "சுத்துது சார். எண்ண போடணும்." அதைக் கேட்டபின் அவர் எழுந்தார். "அப்ப நான் போயிட்டு வரேங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணனும் மறுபடி கேட்கவில்லை. அன்று பிற்பகல் நெடுநேரம் உறங்கினார். பத்தாம் நாள் போய்விட்டார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், எனக்கு விடுப்புத் தந்த பட்டறை முதலாளிக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று செய்த அண்ணியின் உடன்பிறந்தவர்களுக்கும், தடியோடு சுடுகாடு வரை நடந்து வந்த கலியமூர்த்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் உண்டு. அண்ணனை எடுத்த அன்று எனக்கு அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் மாலையோடு வந்து, "அந்த ஏரிக்கு ஆளு நாந்தாங்க" என்றார். ஊர்வலம் கடைத்தெருவைத் தாண்டும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். அவருக்கும் எங்கள் நன்றி.