ஒரு மூடி ரோஸ் மருந்து

மணியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை. முதலில் என் மேல், அப்புறம் எங்கள் மையத்தில் சிவப்பு மையில் எழுதப் பழகிய எல்லோர் மேலும்.

நான் சுமித்ரா. திருப்பதியில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் மையம் ஒன்றில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அதே நோய், அதே மாத்திரை. புதிதாக வந்து அழுகிறவர்களிடம், 'நானும் பதினாறு வருஷமாகப் போடுகிறேன், செத்தா போய்விட்டேன்?' என்று கேட்பதுதான் என் வேலை. எந்த மையம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மணியம்மாவுக்கு ஐம்பது வயது. நகரிப் பக்கத்துத் தமிழ்க் கிராமம். கூலிக் குடும்பம். புருஷன் ரங்கன் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றினான். அவனுக்கு நோய் தெரிந்து, மாத்திரை ஆரம்பித்து, எட்டு மாதத்தில் உடம்பு தேறியதும் 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே' என்று நிறுத்திவிட்டான். ஒன்றரை வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்குள் நோய் அவளுக்கும் வந்திருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் மாமியார் வீட்டில் அவளுக்கென்று தனித்தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்தார்கள். தட்டைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு பஸ் ஏறியவள், திருச்சானூரில் இறங்கினாள். ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை கிடைத்தது. நெற்றிப் பொட்டை எடுக்கச் சொன்னவர்களை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

2014இல் மாத்திரை ஆரம்பித்தாள். இரண்டே வாரத்தில் டப்பாவோடு வந்து என் மடியில் போட்டாள்.

"இந்தா, நீயே வெச்சிக்கோ. இத்த துன்னா வயிறு பத்திக்கினு எரியுது. எனக்கு வாணாம்."

அவளை விட்டால் போய்விடுவாள் என்று தெரிந்தது. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "நிறுத்தாதக்கா. மெடிக்கல்ல ரோஸ் கலர்ல கேஸ் மருந்து குடுப்பாங்க. மாத்திரை போட்ட கையோட ஒரு மூடி குடி. எரிச்சல் அடங்கிடும்" என்றேன். அது அப்போது அவள் போட்ட பழைய மாத்திரை. அதற்கு அந்த மருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. அவளும் குடித்தாள், எரிச்சல் அடங்கியது, ஆறு மாதத்தில் மருந்தே தேவைப்படவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

மாத்திரை போடுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. சாயங்காலம் ஏழு மணி. மாத்திரையை விழுங்கிவிட்டு, அன்றைக்கு நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, லாட்ஜ்காரர் கொடுத்த காலண்டரில் அந்தத் தேதி மேல் ஒட்டுவாள். பொட்டு இல்லாத தேதி என்று ஒன்று கிடையாது. காய்ச்சலோ, ஊரில் சாவோ, எதுவானாலும் சரி. டப்பா குலுங்கிச் சத்தம் போட்டு லாட்ஜ் ஆட்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். "நான் ரங்கன் கெடையாது" என்பாள். அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை அதுதான்.

2021இல் எல்லோருக்கும் மாத்திரையை மாற்றினார்கள். கொரோனா காலம். ஜன்னல் வழியாக மூன்று மாதத்து டப்பாக்களை நீட்டி, "டேப்லெட் மாரிந்தி, மாத்திரை மாறிடுச்சு, அதே டைமுக்கு போட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்று தெலுங்கில் ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதை மறைக்கிற மாதிரி எடை மெஷினை நகர்த்தி வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தாளுக்கு ஓரடி தள்ளி நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தது நான்தான். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். மணியம்மாவுக்குத் தெரியாது.

போன வருஷம் அவளை லாட்ஜ் கேன்டீனுக்கு மாற்றினார்கள். நாள் பூரா மிளகாய் அரைப்பது, நேரம் கெட்ட நேரத்தில் மீந்ததைத் தின்பது. வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வருஷ ரத்தப் பரிசோதனையில் அவளுடைய வைரஸ் அளவு முப்பத்தெட்டாயிரம். பத்து வருஷமாக மெஷினில் தெரியாத அளவில் இருந்தவளுக்கு முப்பத்தெட்டாயிரம்!

மையத்துக் கவுன்சலர் ஹரிபிரசாத் கதவைக்கூடச் சாத்தவில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அபத்தம் செப்பொத்தம்மா. பொய் சொல்லாத. எத்தனை நாள் விட்டுட்ட?"

"ஒரு நாளு கூட வுடல சார்."

"விடாம இருந்தா எப்படி ஏறும்? உன் வீட்டுக்காரர் மாதிரியே நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எழுந்து போனவள் மறுநாள் காலை முதல் ஷேர் ஆட்டோவில் காலண்டர்களோடு வந்து நின்றாள். சுருட்டிக் கட்டிய பதினோரு காலண்டர். மேஜை மேல் போட்டாள்.

"பாத்துக்கோ. எந்த தேதில பொட்டு இல்லன்னு காட்டு."

ஹரிபிரசாத் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பொட்டு தானே அம்மா? ஒரே நாள்ல உக்காந்து எல்லாத்தையும் ஒட்டலாம்" என்றார். சிரித்துக்கொண்டே அவள் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்: மாத்திரை தவறவிடுகிறார். மூன்று மாதம் கண்காணிப்பு. அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் அடுத்த கட்ட மாத்திரை, அதிலும் தவறினால் அப்புறம் கொடுக்க அதிகம் இல்லை.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அவளைத் தெரிந்தவள் நான். பேசினேன்தான். என்ன பேசினேன் தெரியுமா?

"உண்மையச் சொல்லிடுக்கா. நாலு நாள் மறந்திருந்தா தப்பில்ல."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். காலண்டர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். "நீயுமா" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். திருச்சானூரில் லாட்ஜுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஒற்றை அறை. நான் போனபோது ஏழு மணி ஆக இரண்டு நிமிஷம். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. போனில் அலாரம் அடித்தது. டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்தாள், மாத்திரையை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள், வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து நாக்கையும் காட்டினாள். "நல்லா பாத்துக்கோ, ரிப்போர்ட் எழுதணும் இல்ல?" என்றாள். பொட்டை எடுத்துக் காலண்டரில் ஒட்டினாள்.

பிறகு அலமாரியிலிருந்து ரோஸ் கலர் பாட்டிலை எடுத்து, ஒரு மூடி ஊற்றிக் குடித்தாள்.

"இது இன்னாக்கா?"

"இன்னான்னு என்ன கேக்கறே? நீ சொன்னதுதானே. மாத்திரை போட்ட கையோட ஒரு மூடி. போன வருசத்துலேர்ந்து தெனமும் குடிச்சிக்கினு வரேன். மறந்துட்டியா?"

நான் மறந்துதான் போயிருந்தேன். மருந்துப் பிரிவில் இருக்கும் தேவயானிக்கு அங்கிருந்தே ஸ்பீக்கரில் போன் செய்தேன். மருந்தின் பெயரை இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: அந்த மருந்தில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் புது மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து மருந்து குடிக்கலாம். மருந்து குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இந்த இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மட்டும் அவை பரவாயில்லை.

ஒரு வருஷமாக அவள் ஒரு நாள் விடாமல் மாத்திரையைப் போட்டு, ஒரு நாள் விடாமல் அதை வீணாக்கியிருக்கிறாள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால்.

கேட்டுக்கொண்டிருந்த மணியம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். "அப்போ எம்மேல தப்பு இல்ல" என்றாள். "இல்லக்கா" என்றேன். "அத்த அங்க வந்து சொல்லு. அன்னிக்கி கேட்டாங்களே, அவ்ளோ பேரு எதுக்க சொல்லு."

நான் சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். ரிப்போர்ட்டில், 'கேஸ் மருந்துப் பழக்கம் உள்ளது, நேர இடைவெளி பற்றி அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். யார் பழக்கியது என்று எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். ஹரிபிரசாத் அதைப் படிக்காமலே கோப்பில் செருகினார். சிவப்பு மை அப்படியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் சொன்ன நாளில் புது டாக்டர் ஒருவர் இருந்தார், யஸ்வந்த் என்று பெயர், சின்ன வயசு. ரிப்போர்ட்டைப் பார்த்தார். மெஷினில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அட்டையைப் புரட்டினார், சிவப்பு வரியைப் படித்தார், முகம் மலர்ந்து சொன்னார்.

"வெரி குட் அம்மா. இப்போ ஒழுங்கா போடுறீங்க, பாருங்க எப்படி இறங்கியிருக்கு! இனிமே மிஸ் பண்ணாதீங்க."

மணியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுந்து நின்றேன். "சார், அவங்க ஒரு நாளும் மிஸ் பண்ணல. மாத்திரையோட கேஸ் மருந்து குடிக்கச் சொன்னது நான். மாத்திரை மாத்தினப்போ அதை நிறுத்தச் சொல்லாதது நாம எல்லாரும். பொய் சொல்றாங்கன்னு இவங்கள அசிங்கப்படுத்தினோம், ஆனா கூட வேற என்ன சாப்பிடுறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல" என்றேன். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

ஹரிபிரசாத், "இறங்கிடுச்சே, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார்.

"எதுக்கா? என் புருசன இழுத்து பேசினியே, அதுக்கு!" என்றாள் மணியம்மா.

டாக்டர் சிவப்பு வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்.

"இன்னா எழுதினாருன்னு படி" என்றாள் அவள் என்னிடம்.

"ஒரு நாளும் தவறவிடவில்லை. தவறு மையத்தினுடையது."

"இன்னொரு தபா படி. சத்தமா."

படித்தேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அட்டையை வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன நம்பாம ஏழு மணிக்கு வூட்டாண்ட வந்து நாக்க பாத்தியே சுமித்ரா," என்றாள், "அதுக்கு இன்னா எழுதுவே?"

கேட்டுவிட்டு அவள் அடுத்த மூன்று மாதத்து மாத்திரை வாங்க வரிசையில் போய் நின்றாள்.