நான் அடைத்த துளை

வெள்ளானூரில் மனைகளுக்கு மண் அடிக்க என் டிராக்டரை விட்டிருந்தேன். ஓட்டியது என் மனைவியின் தம்பி. பின்சக்கர அச்சின் மேல், உள்ளே சூடேறும் காற்று வெளியேற ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளை வழியாக எண்ணெய் கசிய ஆரம்பித்தது.

“அளவு தெரியாம ஊத்தி வெச்சிருக்கடா,” என்றேன்.

“நான் ஊத்தவே இல்ல மாமா. நேத்துதான் வடிச்சேன், இன்னிக்கு மறுபடியும் ஏறிக்கீது.”

எண்ணெய் தானாக எப்படி ஏறும்? பொய் சொல்கிறான் என்று பிடரியில் ஓங்கி அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரத்தில் துளையில் ஒரு போல்ட்டை வைத்து முறுக்கி, மேலே பசையும் அப்பிவிட்டேன். கசிவு நின்றது. அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சேக்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செம்மண் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் பிரேக்கை மிதித்தபோது பிடிக்கவில்லை. வண்டி இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. குதித்து ஓடிய காவலாளியின் கால்மேல் கதவு விழுந்து எலும்பு முறிந்தது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவனைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்துக்குக் கிளம்பி நின்ற ஒருவர் ஹெல்மெட்டால் அவன் முதுகில் அடித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். காப்பாற்ற வந்தவன் என்றுதான் நினைத்திருப்பான், என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“குடிச்சிட்டா ஓட்டின?” என்று அவன் வாயிலேயே குத்தினேன். பல் உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. பிறகு அச்சின் மேல் இருந்த போல்ட்டைப் பார்த்தார்.

“எவன்டா இத அடைச்சது? உள்ள ஆயில தடுக்குற ரப்பர் சீல் ஒண்ணு தேஞ்சுபோச்சு. பாரம் தூக்குற லிப்ட் பக்கத்து ஆயிலு இந்தப் பக்கம் வந்துகினே கீது. நிரம்புனா இந்த ஓட்டைல வழியும். இதையும் அடைச்சா எங்க போவும்? சக்கரத்து சீலு பிச்சிகினு பிரேக்லதான் எறங்கும்.”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவர் மறுபடியும் கை ஓங்கினார்.

“நான்தான் அடைச்சேன்,” என்றேன்.

அவன் எழுந்தான். தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது முழங்கையில். நான் தடுக்கவில்லை. மூன்றாவதற்கு ஓங்கியபோது மெக்கானிக் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “உடு நைனா, செத்துடுவான்!” என்று கத்தினார். அவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

இப்போது ஆவடியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அக்காவைப் பார்க்க வருவதற்கு முன் போன் செய்து, நான் இருக்கிறேனா என்று கேட்பான். இருந்தால் வரமாட்டான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மீன் கழுவ உட்காரும்போதே நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.