வரும்போது மட்டும் உதறும் கார்

எங்கள் கார் சிதம்பரத்துக்குப் போகும்போது உதறாது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பும்போது மட்டும் உதறும். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் காரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் டீ சொன்னார்கள்.

பழைய கார் அது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆசை ஆசையாக அலாய் சக்கரம் மாட்டியிருந்தார். மற்ற பாகங்களுக்கு அந்த ஆசை எட்டவில்லை. என் மனைவி கர்ப்பமான செய்தி தெரிந்த வாரமே அதைக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டேன். நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அவள் நம்பும் டாக்டரம்மா இருப்பதோ சிதம்பரத்தில், அவள் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இதற்கு முன் இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில் போனது. ஏன் என்று கேட்டதற்கு டாக்டரம்மாவிடமும் பதில் இல்லை. இந்த முறை மாதா மாதம் வந்து காட்டலாம், ஆனால் குலுங்காமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். குலுங்காத கார் ஒன்றுதான் அப்போது எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது.

ஷெட்காரர் முன்பக்கத்தையே பிரித்துப் போட்டுவிட்டார். ஷாக் அப்சார்பர், புஷ், புது டயர் எல்லாம் மாறின. பிறகு வீல் பேலன்ஸ் செய்யும் கடைக்கு அனுப்பினார். அங்கே சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு, எடை குறைந்த இடம் பார்த்து, ரிம்மின் உட்பக்கம் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒட்டினார்கள். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் சத்தமில்லாமல் பின்னால் போயின. என் மனைவி பாதி வழியில் தூங்கியே போனாள். எனக்கு அவ்வளவு பெருமை.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கிளம்பினோம். என் மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் காரில் ஏறியதும் அவரே குனிந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பி, ஊர் தாண்டி அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கத் தொடங்கியது. என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் நாற்பதிலேயே வந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் ஷெட்டில் போய்க் கத்தினேன். ஷெட்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"உதறுதா, ஆடுதா, அதிருதா? கரெக்டா சொல்லுங்க சார். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வியாதி."

"உதறுது."

"ஸ்டியரிங்ல உதறுதா, சீட்டுல உதறுதா?"

"என் உடம்பே உதறுதுங்க."

அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஓட்டினேன். கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே அறுபதைத் தொடுவதே பெரும்பாடு. தொட்டதும் அவர் கண்ணைத் திறந்து, "ஆமா சார், இருக்குது" என்றார். மறுபடியும் பேலன்ஸ் கடை, மறுபடியும் துண்டுகள். உதறல் போய்விட்டது. பழைய துண்டுகள் கழன்று விழுந்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். என்ன பசை போட்டு ஒட்டினீர்கள் என்று அவரிடமும் கத்தினேன்.

அடுத்த மாதம் வெண்ணெயாகப் போனோம். உதறிக்கொண்டு வந்தோம்.

இப்போது ஷெட்காரருக்கே ரோஷம் வந்துவிட்டது. "மாமனார் வூட்டுல டிக்கி ரொம்ப ஏத்தி வுடறாங்களா?" என்று கேட்டார். பலாப்பழமும் தேங்காயும் உண்டு என்றேன். "லோடு ஜாஸ்தி சார். பின்பக்கம் அமுந்தினா முன்பக்கம் உதறும்." பலாப்பழத்தை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். பலாப்பழம் நிரபராதி. அந்தப் பக்க ரோடு சரிவாக இருக்கலாம் என்றார். கடல் காற்று ஒரு பக்கமாக அடிக்கலாம் என்றார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அது சாமியே ஆடுற ஊரு சார். போய்ட்டு வர்ற வண்டி சும்மாவா இருக்கும்?" என்றார். நான் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி பேலன்ஸ் கடைக்குப் போனேன்.

மாமனார் போன் செய்தார். "மாப்ள, வண்டி சரியில்லன்னு பொண்ணு சொல்லுது. அடுத்த தடவ வந்தா இங்கியே வுட்டுட்டுப் போயிடு. அஞ்சாம் மாசம் வேற." அந்த ஐந்து என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் மனைவியைக் கேட்டேன். "இன்னொரு தடவ உதறுச்சுன்னா நான் அங்கியே இருந்துடறேங்க. எனக்கு பயமா இருக்குது" என்றாள். எனக்கும் பயம்தான். அவளும் இல்லாத வீட்டில் அந்த மாதத்தைத் தனியாகக் கழிக்க என்னால் முடியாது.

மூன்றாம் முறையும் போகும்போது உதறவில்லை. மதியம் மாமனார் வீட்டில் சாப்பிட்டதும் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே வரும்? ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன்.

காருக்குப் பக்கத்தில் கோணிப்பை விரித்து, அதன்மேல் என் மாமனார் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கையில் டார்ச். மறு கையில் தோசைத் திருப்பி. அதை அலாய் சக்கரத்தின் இடுக்கில் விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறவில்லை. சத்தம் போடாதே என்று சைகை காட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மாப்ள, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். பாத்துட்ட, சொல்லிடறேன். உங்க வண்டிக்கு யாரோ செய்வினைத் தகடு வெக்கிறாங்க."

"என்ன தகடு மாமா?"

மடியிலிருந்து விபூதி டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மஞ்சள் துணி. துணிக்குள் பேலன்ஸ் கடைக்காரர் இதுவரை ஒட்டிய துண்டுகள் இருந்தன.

"மொத தடவ, எலுமிச்சம்பழம் வெக்கணுமேன்னு மத்தியானமே சக்கரத்தத் தொடைக்கக் குனிஞ்சப்பதான் பாத்தேன். ஒளிச்சி வெச்சிருந்தானுங்க. நான் எடுத்துடறேன், அடுத்த மாசம் புதுசா வெச்சி அனுப்புறானுங்க. நானும் வுடறதா இல்ல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஷெட்காரரிடம் கத்தியது, பலாப்பழத்தைச் சந்தேகப்பட்டது, பஸ்காரர் ஹாரன் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தார்.

"நம்பர் போட்டிருக்கான் பாரு. அஞ்சு, பத்து. எல்லாத்துலயும் இதேதான். நாலு நாள் ஒக்காந்து யோசிச்சேன் மாப்ள. அஞ்சாம் மாசம் கலையணும், பத்தாம் மாசத்தப் பாக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கான். போன தடவ அஞ்சாம் மாசந்தானே போச்சு?"

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், தோசைத் திருப்பியோடு கோணியில் படுத்துக்கொண்டு, தன் பேரப்பிள்ளைக்குக் காவல் இருந்திருக்கிறார். நான் மெதுவாகச் சொன்னேன். அது எடை என்றேன். ஐந்து கிராம், பத்து கிராம். சக்கரம் சமமாகச் சுற்றுவதற்காகக் கடையில் என் கண் முன்னால் ஒட்டியது. அதை எடுப்பதால்தான் வரும்போது வண்டி உதறுகிறது.

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. புரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. இரண்டு மாதமாக அவருக்கு ஒரு எதிரி இருந்தான். அவனைப் பிடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அப்ப அந்த ரெண்டும் ஏன் மாப்ள போச்சு?"

"தெரியல மாமா."

உள்ளேயிருந்து என் மனைவி, "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "டயர்ல காத்து பாக்கறோம்மா" என்றார் மாமனார்.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எடை விழுந்துவிட்டது, நாற்பதில் போனால் உதறாது, நாளைக்கே ஒட்டிவிடலாம் என்று உண்மையில் பாதியைச் சொன்னேன். சரி, உங்களோடு வீட்டுக்கே வருகிறேன் என்றாள். கிளம்பும்போது மாமனார் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என் பக்கக் கண்ணாடி அருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, ஒட்டிக்கோ, வேணாங்கல. நம்பர் இல்லாததா கெடைக்குமான்னு மட்டும் கேளு."

மறுநாள் காலையில் பேலன்ஸ் கடையில் கேட்டேன்.

"நம்பர் இல்லன்னா எத்தினி கிராம்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்வி. அவரிடம் புதுத் துண்டுகளும் அரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். மூடநம்பிக்கை என்றால் எனக்கு ஆகாது. இதை ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

"தேச்சா வெயிட்டு கொறஞ்சிடும் சார்."

"கொறையட்டும். கொறஞ்சதுக்கு ஏத்த மாதிரி பாத்து ஒட்டுங்க."

ஒவ்வொரு துண்டாக எடுத்து ஐந்தை மட்டும் தேய்த்து அழித்தேன். பத்தை விட்டுவிட்டேன்.