ஜெயமணி அக்காவின் பெட்டி

பேளுக்குறிச்சியில் சந்தை நாள். கூரியர் ஆபீசில் பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன், போன் அடித்தது. ஜெயமணி அக்காவின் தம்பி வெள்ளையன். "அக்கா போயிட்டாங்க சரசு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்வளவுதானுங்க." என் கையில் இருந்தது அக்கா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கச் சொன்ன புது கம்ப்யூட்டர் டிஸ்க். ஓவென்று அழ வேண்டிய நேரத்தில், கை தளர்ந்து பார்சல் கீழே விழுந்துவிடுமோ என்றுதான் முதலில் பதறினேன். என்ன ஜென்மமோ நான்! மலையேறும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு அதை மடியோடு இறுக்கிக்கொண்டுதான் அழுதேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி வளப்பூர் நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். பிறந்தது பெரக்கரை நாடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் மலையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், காதுகுத்தானாலும் அக்காவின் கேமரா அங்கே இருக்கும். நான் அடிவாரத்துக்காரி. ஆல்பம் செய்து கொடுக்க வந்து அப்படியே அவரோடு ஒட்டிக்கொண்டவள். எடுத்த படங்கள் அத்தனையும் அக்கா வீட்டு உள்ளறையில் ஒரு பெட்டிக்குள் இருந்தன. கம்ப்யூட்டர்க்காரர்கள் அதை சர்வர் என்பார்கள். எங்களுக்கு அது வெறும் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் பதிவதே மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

அந்த இரண்டையும் வாங்கிய கதை இருக்கிறதே! சேலத்துக் கடையில் அக்கா உட்கார்ந்துகொண்டு, ஒரே கம்பெனி, ஒரே மாதம் செய்தது, ஒரே அட்டைப்பெட்டியில் வந்தது என்று தேடி எடுத்தார். "ஏனுங்கக்கா, இதென்ன மாட்டுச் சந்தையா?" என்றேன். "ஏருக்கு மாடு எப்படிக் கண்ணு புடிப்பாங்க? ஒரே வயசு, ஒரே நடை பாத்துத்தானே? ஒண்ணு முன்னே இழுத்து ஒண்ணு பின்னே நின்னா ஆகுமா?" என்றார். ஊருக்கு வந்ததும் இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் பெட்டிக்குள் ஏற்றினார். பொட்டு காற்றுத் துளையில் பட்டுவிடப் போகிறதே என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெட்டி ஏன் எங்களுக்கு அத்தனை பெரிய விஷயமாகப் போயிற்று என்றால், மலையில் ஒருவர் இறந்துவிட்டால் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். பலருக்குத் தனியாக எடுத்த படமே கிடையாது. நேராக அக்காவிடம் ஓடி வருவார்கள். ஒருமுறை பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு விவசாயி வந்து, "எம் பொண்டாட்டி மூஞ்சி எங்கியாச்சும் இருக்குதாங்க?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா சோறு தண்ணி இல்லாமல் தேடினார். யாரோ வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், ஓர் ஓரத்தில், சாம்பார் வாளியோடு அந்த அம்மா நின்றிருந்தார். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். அந்த மனுஷர் படத்தை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை.

அக்கா எதையும் அழிக்க விடமாட்டார். கல்யாண மேடையில் மணப்பெண் வருவதற்கு முன்னால் வெளிச்சம் சரியா என்று பார்க்க யாராவது அங்கே நிற்க வேண்டும். அக்காதான் போய் நிற்பார். நான் ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சொல்வேன். படத்துக்கென்று கூப்பிட்டு நிறுத்தினால் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறவர், அந்த ஒரு நிமிஷம் மட்டும் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவார். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் படம் அதுதான். பெட்டியில் இடம் குறைந்தபோது, அதையெல்லாம் அழித்துவிடலாம் என்றேன். "ஒண்ணும் அழிக்க வேண்டாம் சாமி. இடம் பத்தலீன்னா பெரிய டிஸ்க்கா வாங்கு" என்றார். வீம்பு என்று முணுமுணுத்தேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு டிஸ்க் செத்தது. சில நாளிலேயே மற்றதும் கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணாப் பொறந்ததுக ஒண்ணாவே படுக்குதே கண்ணு. ஜோடி பாத்துக் கெடுத்தது நாந்தானே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றி வைத்திருக்கலாமே என்பார்கள். ஒரு ஆல்பம் ஏறவே பொழுது விடிந்து பொழுது போகும் எங்கள் சிக்னலில். உடனே பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "புது சாமான் வர்ற வரைக்கும் ஆரு கேட்டாலும் போடக் கூடாது. நானே கேட்டாலும் போடாதே."

பிறகு ஒரே போன் மயம்தான். கண்காணிப்புக் கேமராவுக்குப் போடுகிற டிஸ்க்கே போதும் என்றார் ஒரு கடைக்காரர். அது பிழை வந்தாலும் நிற்காமல் பதிந்துகொண்டே போகும் என்று நான் விளக்கினேன். "திருடன் மூஞ்சி கலங்கினாப் போகுது. நம்ம சனத்து மூஞ்சி கலங்கலாமா? அது வேண்டாம்" என்று அக்கா ஒரேயடியாகத் தள்ளினார். மெமரியைக் கூட்டச் சொன்னார் இன்னொருவர். அதற்கு இப்போது என்ன அவசரம் என்றார் அக்கா. பெட்டிக்குள் கரண்டை அளந்து கொடுக்கும் பழைய பவர் சப்ளை இந்த மலைக் கரண்டில் அடிபட்டுக் கிடந்தது. அது புது டிஸ்க்கையும் கொன்றுவிட்டால்? ஆகவே முதலில் அதை மாற்றுவது, பிறகுதான் டிஸ்க் என்று முடிவானது. டிஸ்க் இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கடை. "இந்தத் தடவை ஜோடி வேண்டாம் சாமி" என்றார். பவர் சப்ளை வந்து வீட்டில் இருந்தது. முதல் டிஸ்க்கை வாங்கத்தான் நான் கீழே இறங்கினேன்.

வீட்டுக்குப் போனபோது அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. தலைமாட்டில் வைக்கப் படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்த முகம் அக்காவே இல்லை. வெள்ளையன் என்னிடம் வந்தார். "ஊருக்கெல்லாம் படம் போட்டுக் குடுத்தவங்க சரசு. அவங்களுக்கு ஒண்ணு இல்லீங்களா? ஒரு நிமிஷம் பெட்டியைப் போட்டு எடுத்துக் குடுங்க."

இருந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தது. போட்ட அந்த ஒரு நிமிஷத்தில் டிஸ்க் படுத்துவிட்டால் அக்காவின் முகத்தோடு மலையில் பாதிப் பேர் முகமும் போய்விடும். "முடியாதுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "கல்லு மனசுங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். படமில்லாமலே அக்காவை எடுத்துக்கொண்டு போய் மண்ணில் வைத்தோம்.

மழை விட்டுக் கரண்ட் நிலைத்த பிறகு உட்கார்ந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். புது டிஸ்க்கை ஏற்றினேன். சந்தனப் பொட்டு வைத்தேன், துளையை விட்டுத் தள்ளி. சுவிட்சைப் போட்டேன். பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாம் மாற வேண்டும். அந்தக் கிழட்டு டிஸ்க் எல்லாப் படத்தையும் ஒருமுறை சுமந்து இறக்கியாக வேண்டும், அதில்தான் உயிர் போகும் ஆபத்து. கறகற என்றது. நின்றது. நின்னேபோச்சு என்று நினைத்தேன். திரும்பவும் கறகற. வெள்ளையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடையில், "இப்பப் பாக்கலாமுங்களா?" என்றார். "முடியட்டுமுங்க" என்றேன். இந்த முறை அவர் கோபிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் எல்லாம் மாறி முடிந்து பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இரண்டாவது டிஸ்க்கும் பிறகு வந்து, பழசு இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நாளை காரியம். படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. பூ அலங்கரித்த மேடையில், மணப்பெண் நிற்கும் இடத்தில், அக்கா நிற்கிறார். நெற்றிக்கு மேலே ஒரு கை. வாய் பாதி திறந்திருக்கிறது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், எத்தனை மேடையில் கேட்டிருக்கிறார். "வெளிச்சம் சரியா இருக்குதா கண்ணு?"

சரியா இருக்குதுங்கக்கா. எல்லார் முகமும் அப்படியே இருக்குது. போயிட்டு வாங்க.