ஆபரேட்டரின் நாடி

அப்பா தியேட்டரில் ஆபரேட்டர். தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர். ஒரு மெஷினில் ரீல் முடியும் நொடியில் அடுத்த மெஷினை ஓட்டிவிட வேண்டும். தவறினால் திரை வெளுக்கும், கீழேயிருந்து "யோவ் ஆபரேட்டரு, தூங்கிட்டியா?" என்று விசில் பறக்கும். அவர் சர்வீஸில் அப்படி நடந்தது ஒரே முறை, நான் பிறந்த சேதி வந்த ஆட்டத்தில். கடைசிவரை அதை என் தப்பாகவே சொல்லிவந்தார்.

நான் உடலின் தாளங்களைப் புள்ளியியலில் தேடுகிறவள். பகலில் நாடி ஏறும், தூக்கத்தில் இறங்கும். பதிவான புள்ளிகளின் மேல் இருபத்து நான்கு மணி நேர அலை ஒன்றைப் பொருத்திப் பார்ப்போம். அலை தட்டையானால் இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் சந்தேகம். ஓய்வுபெற்றிருந்த அப்பாவின் கையில் நாடி அளக்கும் கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டேன். பதிவு என் கணினிக்கு வந்துவிடும்.

"நடுவுல விட்டுப்போகாம பாத்துக்கோங்கப்பா."

"யார்கிட்ட சொல்ற?" என்றார்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு கணினியைத் திறந்தேன். முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடைசி வாரத்தில் அலை தட்டை. இரவில் நாடி இறங்கவே இல்லை. நாள்களைக் கலைத்துப்போட்டுச் சோதித்தேன். தற்செயலாக இவ்வளவு தட்டையாகாது என்று வந்தது. வரைபடத்தை மேலும் நகர்த்தினேன். இறந்த மறுநாளும் அப்பாவுக்கு நாடி துடித்துக்கொண்டிருந்தது.

அடுக்களைக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கடிகாரம்.

"எப்போலருந்தும்மா இதைக் கட்டியிருக்க?"

"மொதல்லருந்தே. குளிக்கப் போறப்ப என் கையில மாட்டிடுவாரு. கடைசி வாரம் பட்டை உறுத்துதுன்னு ராத்திரியும் எங்கிட்டதான். அவரு குறட்டையில நான் எங்க தூங்கறது? அன்னிக்குக் குளிச்சுட்டு வந்தவரு திருப்பி வாங்கிக்கல."

"ரெண்டு பேரும் ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"விட்டுப்போகக் கூடாதுன்னு நீதானேடி சொன்ன?"

ரீல் மாற்றியிருக்கிறார்.

அம்மாவின் இரவுகளை நீக்கிவிட்டு மறுபடி பொருத்தினேன். அங்கங்கே இடைவெளி இருந்தால் பரவாயில்லை, அதற்கு முறைகள் உண்டு. இரவே இல்லையென்றால் அலை எதுவரை இறங்கியது என்று எந்த முறையும் சொல்லாது. தட்டை என்றாலும் பொருந்தியது, இல்லை என்றாலும் பொருந்தியது. முடிவு: தெரியாது.

மிச்சமிருந்தவை அவர் போன பிறகான இரவுகள். குறட்டை இல்லை. நாடி அப்போதும் இறங்கவில்லை. இதற்குச் சோதனை எதுவும் போடவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன்.

"அதைக் கழட்டிட்டுப் படும்மா."

"விட்டுப்போயிடுமே."

"குடு, இன்னிக்கு நான் கட்டிக்கறேன்."

அம்மா பட்டையை அவிழ்த்தாள்.

"சீக்கிரம் மாட்டு," என்றாள்.