என் தம்பி பிரபாகர்ஜி

என் தம்பி பிரபாகரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு அவன் 'டேய்', எனக்கு 'எருமை'. இருபத்து மூன்று வயதில் அவனை 'ஜி' என்று கூப்பிட ஒரு கூட்டம் வந்தது. ஆள் கவிழ்ந்துவிட்டான்.

எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி தினமும் பெங்களூர் போய் வந்தவன். இரண்டாயிரத்து ஒன்பதில் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது காண்ட்ராக்டில் இருந்த இவனைப் போன்றவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். ஆந்திர எல்லையில் எங்கள் ஊரான ராமகுப்பத்துக்குத் திரும்பி மூன்று மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். மல்பெரி இலை வெட்டவே பொழுது போதாது. "எப்போடா மறுபடி பெங்களூர் போற?" என்பதைத் தவிர அவனிடம் நான் எதையும் கேட்டதில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் சேனா என்கிற இந்து அமைப்புக்காரர்கள் வாலிபால் வலை கட்டினார்கள். விளையாடப் போனான். ஒருமுறை இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, நான்கு பேர் இளநீரோடு வீட்டு வாசலில் நின்றார்கள். "ஜி ரெண்டு நாளா கிரவுண்டுக்கு வரலியே?" அவனுக்குக் காய்ச்சல் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. அதை அவர்கள்மேல் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவன் பெயருக்குக் கீழே 'மண்டல் கன்வீனர்', அதாவது வட்டாரப் பொறுப்பாளர், என்று கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அம்மா அதைச் சாமி படத்தில் செருகி வைத்தாள். அவன் வேலை போனதற்குச் சாயபுமார்தான் காரணம் என்று எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்தான். பெங்களூர் கம்பெனிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் பக்கம் பட்டுக்கூடு வாங்கி நூல் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சாயபுமார். அவர்களுக்குக் கூடு விற்கக் கூடாது என்று சேனா அறிவித்தது. சந்தைக்குப் பிரிகிற கூட்ரோட்டில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்புகிற வேலை என் தம்பிக்கு. ஐந்தாம் நாள் காலை, கூடு மூட்டைகளோடு நான் ஏறிவந்த ஆட்டோவையே கைநீட்டி நிறுத்தினான்.

"அக்கா, திரும்பிப் போ. திருப்பதிலேர்ந்து நம்ம லாரி வருது. அதுல ஏத்திக்கலாம்."

"எப்போ வருது?"

சேனாவின் தலைவர் சம்பத்துக்குப் போன் போட்டான். 'வந்துகொண்டே இருக்கிறது' என்றார். பதினோரு மணிக்கு மறுபடி கேட்டபோது, மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வெயில் ஏறியது. கூடு என்ன நெல்லா, ஓரமாக அடுக்கிவைக்க? மூட்டைக்குள் புழுங்கினால் உள்ளே புழு செத்து, நூல் கறைபடும். வீட்டுக்குக் கொண்டுபோய் நாள் கடத்தினால் பூச்சி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு மாதத்து உழைப்பு. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"கைய உள்ள விட்டுப் பாருடா எருமை. நீ பொறுக்கி விட்ட புழுவும் இதுல கீது."

கையை விட்டான். சூடு தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. மறுபடி போன் போட்டான், மணி அடித்து நின்றது.

கூட நின்ற சிட்டிபாபு, "ஜி, இத வுட்டா எல்லாத்தையும் வுடணும்" என்றான்.

"வுட்டுட்றா," என்று தம்பி ஆட்டோவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சந்தையில் ஏலம் முடிந்திருந்தது. நூல் பட்டறை வைத்திருக்கும் மஸ்தான் சாயபு மட்டும் இருந்தார். ஒரு கூட்டைக் காதருகில் ஆட்டிப் பார்த்து, சூடு ஏறிவிட்டது என்று விலையைக் குறைத்தார். நான் சண்டை போட்டுக் கொஞ்சம் ஏற்றினேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்ரோட்ல நிக்கிற பையன் நீதானே?"

"ஆமா."

"எனக்குக் கோபம் இல்லன்னு நெனச்சுக்காத. கரண்டு வேலை படிச்சிக்கிறியாமே. என் பட்டறை மோட்டார் அடிக்கடி நின்னுபூடுது. பார்க்க வர்றியா?"

காலிச் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தான். பத்து நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனான். இப்போது நான்கு பட்டறைகளின் மோட்டார்கள் அவன் பொறுப்பு.

சேனாக்காரர்கள் இன்னும் போன் செய்கிறார்கள். "ஜி, கிரவுண்டுக்கு வரலியா?" அதைக் கேட்கும்போது அவன் முகம் ஒரு நொடி மலர்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று மதியம் மூன்று ஆகியும் சாப்பிட வரவில்லை. போன் போட்டேன்.

"இன்னாக்கா? வேலைல கீறேன்."

"ஒண்ணுமில்ல பிரபாகர். இன்னும் வரலியேன்னு கேட்டேன்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"துன்னியாடா?"

"இல்லக்கா. தோ, வந்துகினே கீறேன்."